துரை சொன்னதும் நான் சொன்னதும்

போன புதன்கிழமை கேகாலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிற போன், பெக்ஸ் வசதி உள்ள கொமியூனிகேஷன் கடைக்குப் போயிருந்தேன். போன வாரப் பத்தியைப் பத்திரிகைக்கு பெக்ஸ் பண்ண வேண்டியிருந்தது.

கடையில் வேலை செய்யும் பெண் என் தாள்களை மெஷினில் வரிசை மாற்றி வைத்துவிட்டார். இது முதல் தடவை அல்ல. கொஞ்ச நாளைக்கு முன் என் பத்தி நடுவில் தொடங்கி ஆரம்பத்தில் போய் முடிந்ததே, ஞாபகம் இருக்கிறதா? புதிய உத்தி என்று பாராட்டிச் சிலர் கடிதம் கூட எழுதினீர்கள். அந்த உத்தி இவருடையது.

முதலாளி எழுந்து வந்தார். கோபப்படவில்லை. சிரித்த முகத்தோடு, "தங்கச்சி, நாளைக்கு வர வேணாம். கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார்.

"சரி அண்ணே." அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "அப்ப நாளான்னைக்கு வரட்டா?"

முதலாளி சுவரில் தொங்கிய கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெக்ஸ் போனதா இல்லையா என்றுகூடக் கேட்காமல் வெளியே வந்துவிட்டேன். அந்த 'கொஞ்சம் ரெஸ்ட்' எனக்கு நன்றாகப் பழக்கமான வார்த்தை. நானும் ஒருவருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும் — எழுத்துக்கு வருமுன் நான் தோட்டத்து ஆபீஸில் பெரிய கிளாக்கர். ஹட்டன் பக்கத்துக்காரன். தொண்ணூறுகளில், கம்பெனிகள் தோட்டங்களை நடத்தத் தொடங்கிய கொஞ்ச காலத்தில், ஓப்பநாயக்கவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றலாகி வந்தேன்.

அங்கே பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவாக இருந்தவர் செல்வமணி. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் காலையில் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம் அது. தவழுகிறது, தத்தி நடக்கிறது எல்லாம் சேர்த்து இருபதுக்கு மேல் பிள்ளைகள்.

செல்வமணிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். அவரும் முன்பு கொழுந்து எடுத்தவர்தான். மழை நாளில் சறுக்கி விழுந்து வலது மணிக்கட்டு உடைந்தது. எலும்பு சரியாகக் கூடவில்லை. அதனால் இந்த வேலைக்கு மாற்றினார்கள். நிரந்தர வேலை இல்லை. மாதா மாதம் நீடிக்கிற வேலை. புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில்... பணம் வந்தால் உண்டு. இரண்டு பெண் பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

நல்ல மனுஷி. ஆனால் வேலை?

பத்து மணிக்குக் கொடுக்க வேண்டிய பால் பதினொன்றுக்குத்தான் கரையும். துணி நனைத்த பிள்ளை நனைந்தபடியே தூங்கும். ஒரு பிள்ளை அழுதால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடத் தொடங்குவார். அதோடு மற்றப் பிள்ளைகள் அவர் உலகத்தில் இல்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறப்பார். நினைவுபடுத்தினால், "ஐயையோ, ஆமாங்க" என்று ஓடிப்போய்ப் போடுவார். மறுநாள் மறுபடி மறப்பார்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் பொறுப்பு. 'வேலை எப்படி' என்ற கட்டத்தில் ஒவ்வொரு மாதமும் 'திருப்தி' என்று எழுதினேன். இரண்டு வருஷம்.

ஏன் அப்படி எழுதினேன்? இரக்கம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு வேறு எங்கே போவார்? பிள்ளைகள் படிக்கிறார்களே? தோட்டத்தில் எல்லோரையும் 'நீங்க' என்று கூப்பிடுகிற கிளாக்கர் என்று எனக்கொரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. ஒருவருடைய முகத்தைப் பார்த்து 'உங்க வேலை சரியில்லை' என்று சொன்னால் அந்த முகம் மாறுமே... அதைப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. உண்மை அவ்வளவுதான். இரக்கத்துக்கும் கோழைத்தனத்துக்கும் அந்த ரிப்போர்ட்டில் ஒரே கையெழுத்து.

ஒரு ஐப்பசி மாதம். விடாத மழை. காலை பத்தரை இருக்கும். ஆபீஸ் வாசலில் சத்தம் கேட்டு எழுந்து போனேன்.

கொழுந்துக் கூடையைக்கூடக் கழற்றாமல் தாய்மாரில் ஒருவரான புஷ்பம் நின்றார். கையில் ஒன்றரை வயது மகன். நெற்றியில் சுற்றியிருந்த துணியெல்லாம் ரத்தம்.

"ஐயா, இங்க பாருங்க. கானுக்குள்ள கெடந்தான். மேட்டுலேருந்து வந்த பொம்பளைங்க பாத்துத் தூக்கியிருக்காங்க. அங்க ஆயம்மா எங்கன்னு கேளுங்க. அவங்க உள்ளுக்குப் பாட்டுப் பாடிகிட்டு இருக்காங்க."

கான் என்றால் மழைத்தண்ணீர் ஓடுகிற கால்வாய். அன்றைக்கு அதில் முழங்கால் அளவு தண்ணீர். பிள்ளை விழுந்த இடத்தில் ஒரு கல் குறுக்கே கிடந்ததால் தண்ணீர் இழுத்துக்கொண்டு போகவில்லை. கல்தான் நெற்றியைப் பிளந்தது, கல்தான் உயிரையும் காப்பாற்றியது.

லொறியில் ஏற்றி பலாங்கொடை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். தையல் போட்டுப் பின்னேரம் திரும்பி வந்தார்கள். புஷ்பம் நேரே ஆபீஸுக்கு வந்தார். இப்போது குரல் அடங்கியிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"நா மலையில கொழுந்து எடுக்கிறதா, இல்ல இங்க வந்து கதவு சாத்தியிருக்கான்னு பாக்கிறதா? நீங்களே சொல்லுங்க ஐயா. அவங்க இருந்தா நா புள்ளைய வுட மாட்டேன்."

தாழ்ப்பாள் விஷயம் எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியும் என்று சொல்வதா?

தோட்டத்தை நடத்துகிற எங்கள் துரை இளவயதுச் சிங்களவர். கொழும்பில் படித்தவர், வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கெட்டவர் இல்லை. அவருக்குத் தமிழ் வராது. பெண் தொழிலாளர்களிடம் பேச வேண்டி வந்தால் நான்தான் அவருக்கு வாய்.

மறுநாள் பின்னேரம் செல்வமணியைக் கூப்பிட்டு அனுப்பினார். அதற்கு முன் என்னிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். இன்றோடு நிறுத்துகிறோம். நாளையிலிருந்து வேறு பெண் வருவார்.

எனக்குப் பின்னால் அலுமாரியில் ரிப்போர்ட் பைல் இருந்தது. அதைக் கேட்பாரோ என்று நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். கேட்கவில்லை. கேட்காதது நிம்மதியாக இருந்ததா? இல்லை. இனி எப்போது கேட்பார் என்று அடுத்த பயம் தொடங்கியது.

செல்வமணி வந்து மேசைக்கு முன்னால் நின்றார். உடைந்த கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். துரை பேனாவை உருட்டிக்கொண்டே சிங்களத்தில் பேசினார். அவருக்கும் இது முதல் தடவை என்று தெரிந்தது. ஆனாலும் தெளிவாகத்தான் சொன்னார். 'ஒரு பிள்ளை சாகப் பார்த்தது. உனக்கு இந்த வேலை சரிவராது. இன்றோடு வேலை முடிந்தது. குடியிருக்கிற காம்பராவை நாங்கள் எடுக்க மாட்டோம், அதைப் பற்றிப் பயப்பட வேண்டாம்.'

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். செல்வமணியும் என்னைப் பார்த்தார்.

இதோ, நான் செய்த தமிழாக்கம்:

"துரைக்கு உங்க மேல கோவம் ஒன்னும் இல்ல, செல்வமணி. புள்ளைங்க பாதுகாப்பு முக்கியம்னு சொல்றாரு. நீங்களும் களைச்சிப் போயிருக்கீங்க... கொஞ்சம் ரெஸ்ட் எடுத்தா நல்லதுன்னு நெனைக்கிறாரு. பாப்போம். காம்பராவுக்கு ஒன்னும் பிரச்சினை இல்ல."

'பாப்போம்' என்று துரை எங்கே சொன்னார்? அது என் சொந்தச் சரக்கு.

"சரிங்கய்யா" என்றார் செல்வமணி.

"தேருணாத?" என்று துரை கேட்டார். புரிந்ததா என்று. செல்வமணி தலையாட்டினார். கும்பிட்டுவிட்டுப் போனார். அழவில்லை, கெஞ்சவில்லை. துரைக்குப் பெரிய ஆறுதல். "நன்றாக எடுத்துச் சொன்னீர்கள்" என்று என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"என்னன்னு சொன்னீங்க?"

அப்படியே ஒப்பித்தேன்.

"இதுல வேலை போச்சுங்கிறது எங்கங்க இருக்கு?"

தேத்தண்ணீர் ஆறிப்போனது. எழுந்து போய் செல்வமணி குடியிருந்த லயத்து வீட்டின் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பத்து நிமிஷ நடை. போகவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும், பெரிய மனுஷிதானே என்று சொல்லிக்கொண்டேன். புரியாமல் இருந்தால்...? அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினேன்.

காலையில் ஆபீஸுக்குப் போகிற வழியில் மேலே பார்த்தேன். பிள்ளைக் காம்பராவின் புகைபோக்கியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. புதிதாக வருகிற லெட்சுமியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அப்புறம் பார்த்தால் லெட்சுமி வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். அப்படியானால் உள்ளே அடுப்பு மூட்டியது யார்?

ஓடினேன். ஐம்பதை நெருங்குகிற வயதில் மேட்டில் ஓடினால் எப்படி இருக்கும்? வாசலில் தாய்மார் பிள்ளைகளோடு நிற்கிறார்கள். யாரிடம் கொடுப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. புஷ்பம் தையல் போட்ட மகனை இறுக்கிப் பிடித்தபடி கடைசியில் நிற்கிறார். உள்ளே செல்வமணி இடது கையால் பால் சட்டியைக் கிண்டிக்கொண்டிருக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் துரையின் ஜீப் இந்த வழியாகத்தான் வரும்.

செல்வமணியைப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கூப்பிட்டேன். மூச்சு வாங்கியது.

"நேத்து சொன்னது உங்களுக்குப் புரியலையா?"

"புரிஞ்சிச்சுங்க ஐயா. ரெண்டும் புரிஞ்சிச்சு."

"ரெண்டுமா?"

"தொரை சொன்னதும் புரிஞ்சிச்சு, நீங்க சொன்னதும் புரிஞ்சிச்சு. நா பொறந்தது கொடகவெல பக்கங்க. எங்க லயத்த சுத்தி எல்லாம் சிங்கள ஊடுங்க. சின்னதுலேருந்து அவங்களோடதான் வெளையாட்டு."

அவருக்குச் சிங்களம் தெரியாது என்று நினைத்தது, தமிழே கேட்டு வளர்ந்த ஹட்டன் பக்கத்துக்காரனின் முட்டாள்தனம். இந்தப் பக்கத்து ஆட்கள் சிங்களத்தைத் தண்ணீராகப் பேசுவதைத் தினமும் கேட்கிறேன். ஆபீஸில் 'சரிங்கய்யா' தவிர வேறு வார்த்தை பேசாத செல்வமணியைப் பற்றி மட்டும் அப்படி நினைக்கத் தோன்றவில்லை. அவர் துரையின் தீர்ப்பையும் கேட்டிருக்கிறார். அதற்கு நான் சீனி போட்டதையும் கேட்டிருக்கிறார்.

"அப்ப எதுக்கு வந்தீங்க, செல்வமணி?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தொரை அப்புடிச் சொல்லியும் ஐயா மாத்திச் சொன்னீங்களே... ஏதோ வழி வச்சிருக்கீங்கன்னு நெனச்சேங்க. ரவ்வெல்லாம் அதையேதான் நெனச்சிகிட்டு இருந்தேன். ஐயா பாப்போம்னாரு, பாப்போம்னாருன்னு புள்ளைங்ககிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்."

என்னுடைய அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு வீடே விடிகிற வரை காத்திருந்திருக்கிறது. நான் ரேடியோ கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

தூரத்து வளைவில் ஜீப் சத்தம் கேட்டது. இனி ஒத்திப்போட இடமில்லை.

"வழி ஒன்னும் வைக்கல, செல்வமணி. ஒங்களுக்கு வேலை இல்ல. நேத்தோட முடிஞ்சி போச்சி. புள்ளைங்கள ஒங்களால பாத்துக்க முடியல. நா நேத்தே இதச் சொல்லியிருக்கணும்."

முகம் மாறியது. இரண்டு வருஷமாக நான் எதைப் பார்க்கப் பயந்தேனோ, அதைப் பார்த்தேன். அந்தப் பயம் சரியானதுதான்... அவ்வளவு மோசமாக இருந்தது.

"நேத்து மட்டுமா?" என்று கேட்டார். குரல் உயரவில்லை. "மாசா மாசம் வந்து பேப்பர்ல எழுதினீங்களே. என்னன்னு எழுதினீங்க?"

"திருப்தின்னு."

"நா நல்லா செய்றேன்னுதான் நெனச்சிகிட்டு இருந்தேங்க."

சொல்லியிருந்தால் திருந்தியிருப்பாரா? எனக்குத் தெரியாது. ஒருவேளை திருந்தியிருக்க மாட்டார். ஆனால் அதைத் தெரிந்துகொள்ள இருந்த இருபத்துநாலு மாதத்தையும் நான்தான் 'திருப்தி' போட்டு மூடினேன்.

செல்வமணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். நான் வாசலுக்கு வந்து நின்றேன். சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவர் லெட்சுமியை உள்ளே கூப்பிட்டார்.

"இந்தப் புள்ளைக்கு சீனி போடாதீங்க, வயித்தால போகும். இவ குப்புறப் படுத்தாத்தான் தூங்குவா. அந்த மூலையில இருக்கானே, தகரத்துல மழை விழுந்தா பயப்படுவான். அவனத் தூக்கிக்கணும்." தாழ்ப்பாளைக் காட்டினார். "தூக்கிகிட்டாலும் கதவப் பாத்துக்குங்க."

புஷ்பம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மகனை லெட்சுமியிடம் கொடுத்தார். செல்வமணி அந்தத் தையலைப் பார்த்தார், தொடப் போனார், தொடாமல் கையை எடுத்துக்கொண்டார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

பிள்ளைகள் மேல் பாசம் இருப்பதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் இரண்டு வேறு வேலைகள் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவருக்கு முதலாவது நன்றாக வந்தது. சம்பளம் இரண்டாவதற்கு.

அன்று காலை ரிப்போர்ட் பைலை நானே எடுத்துக்கொண்டு போய்த் துரையின் மேசையில் வைத்தேன். பயந்து பயந்து சாவதைவிட அது மேல் என்று தோன்றியது. நான் மாற்றிச் சொன்னதையும் சொன்னேன். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். திருப்தி... திருப்தி... திருப்தி.

கடைசித் தாளை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அந்தப் பிள்ளை கானில் விழுந்ததில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது. எனக்கு நீங்கள் பொய் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கப் போகிறேன்."

மூன்றே வாக்கியம். என்னைவிட இருபது வயது சின்னவர், பேனாவைக்கூட உருட்டவில்லை. ஒரே நாளில் கற்றுக்கொண்டுவிட்டார். வலித்தது. ஆனால் அறையை விட்டு வெளியே வரும்போது நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. செல்வமணிக்கு நான் கொடுக்காதது அதைத்தான்.

அந்த எச்சரிக்கைக் கடிதத்தை டைப் அடித்ததும் நான்தான். ஆபீஸில் வேறு யாருக்கும் டைப் தெரியாது.

செல்வமணிக்கு அடுத்த மாதங்கள் கஷ்டமாகத்தான் போயின. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போனார். கை ஒத்துழைக்கவில்லை, திரும்பி வந்துவிட்டார். மூத்த பெண் கொஞ்ச நாள் ஸ்கூலுக்குப் போகாமல் இருந்தாள். தலைமை ஆசிரியரிடம் பேசி அவளைத் திரும்பச் சேர்க்க நான் போய் வந்தேன். அதைச் செல்வமணிக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஒருநாள் செல்வமணியே பலாங்கொடைக்கு பஸ் ஏறி, கடை கடையாக ஏறி இறங்கி, சட்டையும் விற்கிற ஒரு புடவைக் கடையில் வேலை கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த முதலாளிக்குச் சிங்களமும் தமிழும் பேசுகிற ஆள் தேவைப்பட்டது. இதில் என் உதவி எதுவும் இல்லை.

ரோட்டில் கண்டால் என்னோடு பேசமாட்டார். கடைசி வரை என் மேல் கோபம் போகாதோ என்று நினைத்தேன். போகாவிட்டாலும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஒரு வருஷம் கழித்துத் தீபாவளிக்கு முந்திய வாரம், மனைவி என்னை அந்தக் கடைக்கே இழுத்துக்கொண்டு போனாள். செல்வமணி அவளுக்குப் புடவைகளை விரித்துக் காட்டினார். இது சாயம் போகும், இது போகாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். என் பக்கம் திரும்பவில்லை. நான் ஒரு கோடு போட்ட சட்டையை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். முதலாளி ஓடிவந்து, "மாத்தியாவுக்கே தைத்த மாதிரி இருக்கு" என்றார். மாத்தியா என்றால் ஐயா. மனைவியும் நல்லா இருக்கு என்றாள்.

செல்வமணி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நல்லா இல்லீங்க ஐயா. ஒங்க வயித்துக்கு இந்தக் கோடு சரிவராது."

இரண்டு வருஷத்தில் நான் அவருக்குச் சொல்லாததை, அவர் ஒரு நிமிஷத்தில் எனக்குச் சொல்லிவிட்டார் — நான் இன்றும் கோடு போட்ட சட்டை போடுவதில்லை.